முதியவர் விழுந்தால் எழுதி வையுங்கள்

ராகலைப் பக்கம் மழைக்காலத்தில் லயத்துப் படிகள் வழுக்கும். இடம்பெயர்ந்து வந்த வீட்டிலோ வாசற்படியே முதியவருக்குப் பழக்கமில்லை. விழுந்தாலும் "ஒன்றுமில்லை" என்பார். நாமும் எண்ணெய் தடவிவிட்டு மறந்துவிடுகிறோம்.

முதியோர் இல்லத்தில் சேர்க்கும் நாளில் அந்த விழுகைக்குக் கணக்கு உண்டு. தாதியியல் ஆய்வாளர் ஜனிஸ் மோர்ஸ் 1989இல் வெளியிட்ட அளவுமுறை மருத்துவமனை நோயாளருக்கென உருவானது. முதியோர் இல்லங்களிலும் பயன்படுகிறது. ஆறு கேள்விகள், மொத்தம் 125 புள்ளிகள். கடந்த மூன்று மாதங்களுக்குள் விழுந்திருந்தால் 25. மேசை கதிரையைப் பிடித்து நடப்பவருக்கு 30. கைத்தடி ஊன்றுபவருக்கு 15தான். (தடி வேண்டாம் என்று பிடிவாதம் செய்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.) 45ஐ எட்டினால் ஆபத்து அதிகம் என்று பல இடங்களில் கொள்வர்.

கதிரையைப் பிடித்து நடக்கும் தாயார் சென்ற மாதம் விழுந்தார் என்று வைப்போம். இந்த இரண்டிலேயே 55. விழுந்ததை நாம் சொல்லாவிட்டால் தாளில் 30தான் இருக்கும். இரவில் அவர் எழும்போது துணைக்கு வர யாருக்கும் தோன்றாது.

படிவம் இல்லாத இடத்தில் ஒரு கொப்பி போதும். ஆனால் "விழுந்தார்" என்று மட்டும் எழுதுவதில் பயனில்லை. "விடியற்காலை 4 மணி, கழிவறைக்கு எழுந்தபோது, வெறுங்கால், ஈரத்தரை, முதல்நாள்தான் புதிய பிரஷர் மாத்திரை" என்று எழுதினால், டாக்டர் மாத்திரையைப் பார்ப்பார். இல்லத்தார் தரையைப் பார்ப்பார்கள்.

மறுபடி விழுந்தாலும், மருந்து மாறினாலும் புள்ளிகளைப் புதிதாகப் போடவேண்டும். சேர்ந்த நாளில் எழுதிய தாள் ஒரு வருடம் கோப்பில் கிடந்தால், போய்க் கேளுங்கள்.