வீட்டிலேயே இணைய வழங்கியா?

பழைய கணினியில் லினக்ஸை நிறுவி, ரவுட்டரில் 80ஆம் போர்ட்டைத் திறந்துவிட்டால் நம் இணையத்தளம் வீட்டிலிருந்தே இயங்கும். "என் பக்கத்தை யார் தேடி வரப்போகிறார்கள்?" என நண்பர்கள் கேட்பதுண்டு. தேடி வருவது ஆளல்ல, நிரல். 2013இல் வெளிவந்த சீமேப் மென்பொருள், வேகமான இணைப்பிருந்தால், உலகின் ஐபிவி4 முகவரிகள் அனைத்திலும் ஒரு போர்ட்டை முக்கால் மணி நேரத்தில் தட்டிப் பார்த்துவிடும். 2016இல் மிராய் என்னும் தீநிரல், விற்கும்போதிருந்த கடவுச்சொல்லையே மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் இலட்சக்கணக்கில் பிடித்தது. அவற்றின் உரிமையாளர்களும் நம்மைப் போன்ற சாமானியர்கள்தாம்!

வழங்கி பறிபோனால் இழப்பு அதனோடு நிற்பதில்லை. அப்பா வங்கிக் கணக்கு பார்க்கும் கணினியும் அதே ரவுட்டரில்தானே இருக்கிறது? ஆகவே வழங்கிக்குத் தனி வலையமைப்பு கொடுங்கள். மென்பொருளை அவ்வப்போது புதுப்பியுங்கள். வெறும் பயிற்சிக்கென்றால் போர்ட்டைத் திறக்கவே வேண்டாம்; வீட்டுக்குள் இயங்கினாலே போதும்.