ஊருக்கு ஒரு மழைமானி போதுமா?

நேற்று நகரில் எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது என்று கேட்பது நம் வழக்கம். நகர் முழுமைக்கும் பொருந்தும் ஒரே விடை இதற்கு உண்டோ என்பதை இன்று ஆராய்வோம்.

2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் காலை எட்டரை மணி முதல் மறுநாள் காலை எட்டரை மணி வரை, மும்பையின் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அதே நகரின் தென்கோடியிலுள்ள கொலாபாவில் பதிவானதோ ஏறக்குறைய 73 மில்லிமீட்டரே. இவ்விரு நிலையங்களுக்கும் இடையே 30 கிலோமீட்டர் தொலைவுகூட இல்லை.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் சேரும். எனவே, சாந்தாகுரூஸில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 944 லிட்டர் நீர் கொட்டியது எனலாம். மித்தி ஆறு கரைபுரண்டது, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். கொலாபாவின் அளவை மட்டும் கண்டவர்க்கு இப்பேரிடரின் காரணமே விளங்கியிராது. பெருமழையைப் பொழியும் மேகத்திரளின் அகலம் சில வேளைகளில் சில கிலோமீட்டர்களே. ஆகவே, தொலைவில் நிற்கும் இரண்டொரு மழைமானிகளின் இடையே அது நழுவிவிடக்கூடும்.

இக்குறையை நிரப்பவல்லவை, வீடுகளிலும் பள்ளிகளிலும் தனியார் அமைக்கும் சிறு வானிலை நிலையங்கள். இவற்றுட் பலவற்றில் தராசுத் தட்டுகளைப்போல் மாறிமாறிச் சாயும் இரு சிறு கிண்ணங்கள் உண்டு. குறித்த அளவு நீர் நிரம்பியதும் ஒரு கிண்ணம் சாய்ந்து நீரைக் கொட்டும். மற்றொன்று நீரை ஏற்கும். கருவி இச்சாய்வுகளை எண்ணி, மழையளவை இணையத்தின் வழியே உடனுக்குடன் அனுப்பும்.

எனினும், இக்கருவிகளைக் கண்மூடி நம்புதல் தகாது. மழை மிகக் கடுமையாகும்போது, கிண்ணம் சாயும் கணத்தில் விழும் நீர் கணக்கில் வராமற் போகும். அதாவது, அளவு மிகத் தேவையான வேளையிலேயே கருவி குறைத்துக் காட்டும். மரநிழலும், சுவரோரமும், பலத்த காற்றும், புனலை அடைக்கும் சருகும் பிழை விளைவிப்பன. ஆகையால் கருவியைத் திறந்த வெளியில் சமதளமாக நிறுத்தி, அடிக்கடி தூய்மை செய்து, அருகே சாதாரண மழைமானி ஒன்றையும் வைத்து ஒப்பிடல் வேண்டும். அண்டை நிலையங்களோடு சற்றும் ஒவ்வாத அளவை ஆராய்ந்த பின்னரே ஏற்கலாம்.

இம்முயற்சியின் பயனுக்குக் கேரளத்தின் வயநாடு சான்று பகரும். அங்கே கல்பற்றாவிலுள்ள ஹியூம் சூழலியல் மையம், ஊர்மக்களின் துணையோடு பல இடங்களில் மழையை அளந்து வருகிறது. 2024 ஜூலை 30-ஆம் நாள் விடியுமுன் முண்டக்கை, சூரல்மலைப் பகுதியில் நிகழ்ந்த பெரும் நிலச்சரிவுக்கு முந்திய நாளே, இவ்வளவுகளைக் கண்டு அம்மையம் மாவட்ட நிர்வாகத்துக்கு எச்சரிக்கை அனுப்பியது. ஆயினும் அந்நிலச்சரிவில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர்.

எனவே, அளத்தல் பாதிப் பணியே. இத்தனை மில்லிமீட்டர் பெய்தால் இன்ன தெருவினர் இன்ன மேட்டுக்குச் செல்ல வேண்டும் என்பதை மழைக்காலத்துக்கு முன்பே ஊரார் கூடி முடிவு செய்திருத்தல் வேண்டும். அப்போதுதான் மழைமானி காட்டும் எண் மக்களுக்கு அரணாகும்.