டி.என்.ஏ.வை மடித்து அனுப்பும் கிளைப் பாலிமர்கள்

மரபணுச் சிகிச்சை பற்றி எம்மிடம் வினவும் குடும்பத்தினர் பெரும்பாலும் அது எப்போது கிடைக்கும் என்றே கேட்கின்றனர். அம்மரபணு செல்லுக்குள் எவ்வாறு சென்று சேரும் என்று கேட்போர் சிலரே. ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாகப் போராடி வருவது அந்த இரண்டாம் கேள்வியோடுதான்.

டி.என்.ஏ. மெல்லிய, நெடிய இழை. அதன் நெடுகிலும் அமைந்த பாஸ்பேட் தொகுதிகள் எதிர் மின்னூட்டம் உடையவை. செல்லின் வெளிச்சவ்வும் அவ்வாறே. ஆகவே இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். இரத்தத்திலுள்ள நொதிகளோ காப்பின்றி வரும் இழையை விரைவில் துண்டாக்கிவிடும்.

இதற்கு நம் உடலிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. நம் செல் ஒன்றிலுள்ள டி.என்.ஏ.வின் மொத்த நீளம் ஏறத்தாழ 2 மீட்டர். நேர் மின்னூட்டமுடைய ஹிஸ்டோன் புரதங்களின்மேல் நூல்போல் சுற்றப்பட்டே அது நுண்ணிய உட்கருவுக்குள் அடங்குகிறது. அப்பணியைச் செயற்கையாகச் செய்வன கிளைப் பாலிமர்கள். அவற்றுள் ஒன்றான டென்ட்ரிமரில் ஒவ்வொரு சுற்றிலும் கிளைகள் இரண்டிரண்டாகப் பிரியும். பரவலாகப் பயன்படும் ஒரு வகையில், ஐந்தாம் தலைமுறையில் 128 அமீன் முனைகள் புறத்தே நிற்கும். நேர் மின்னூட்டம் பெறும் இம்முனைகள் இழையைப் பற்றிக்கொள்கின்றன. இழையின் மின்னூட்டத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு சமன்பட்டதும் அது சுருண்டு, நானோமீட்டர் கணக்கில் அளக்கத்தக்க சிறு துகளாகிவிடுகிறது.

செல் அத்துகளை ஒரு நுண்பைக்குள் அடைத்து விழுங்கும். துகள் அப்பையிலிருந்து தப்ப வேண்டும்; பின்னர் பிடி தளர்ந்து இழை விடுபடவும் வேண்டும். இறுகப் பற்றுவது மட்டும் போதாது. 1996இல் கலிபோர்னிய ஆய்வாளர்கள், வெப்பத்தால் சில கிளைகள் உதிர்ந்த டென்ட்ரிமர் முழுமையானதைவிட நன்கு செயல்படுவதைக் கண்டனர். குறையுடையது வென்றது எமக்கும் வியப்பே. கிளைகள் உதிர்ந்ததால் கிடைத்த நெகிழ்வே அதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது.

இடரும் அதே மின்னூட்டத்தில்தான் உள்ளது. டி.என்.ஏ.வைப் பற்றும் முனைகள் செல்லின் சவ்வையும் சிதைக்கக்கூடும். 1995இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகர ஆய்வாளர்கள் இப்பணிக்கு அறிமுகப்படுத்திய பாலிஎத்திலீனிமின், இன்று வைரஸ் ஊர்திகளைத் தயாரிக்க வளர்ப்புச் செல்களில் டி.என்.ஏ.வைப் புகுத்தப் பயன்படுகிறது. நோயாளியின் உடலில் நேரடியாகச் செலுத்தும் பாலிமர்கள் பெரிதும் ஆய்வு நிலையிலேயே உள்ளன. 2019இல் அமெரிக்காவில் முதுகுத்தண்டுத் தசைநலிவு நோய்க்கு ஒப்புதல் பெற்ற மரபணு மருந்தின் ஊர்தியும் வைரஸே.

எனினும் வைரஸ் ஊர்திக்கு எதிரான எதிர்ப்பொருள் ஏற்கெனவே உடையோர்க்கு அச்சிகிச்சை மறுக்கப்படலாம். ஒருமுறை பெற்றவர்க்கு மறுமுறை தருவதும் அரிது. பாலிமர் ஆய்வுகள் தொடர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். உங்கள் குடும்பத்தில் எவருக்கேனும் மரபணுச் சோதனைச் சிகிச்சை முன்மொழியப்பட்டால், ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடுமுன் ஊர்தி எது, மறுமுறை பெற இயலுமா என்ற இரண்டையும் மருத்துவரிடம் கேட்டறியுமாறு வேண்டுகிறோம்.