மணல் மேட்டில் ஏறிப் பார்ப்போமா?

குட்டீஸ், சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயிலில் போயிருக்கிறீர்களா? அடுத்த முறை போகும்போது வலது பக்க ஜன்னல் ஓரம் உட்காருங்கள். எண்ணூர் தாண்டி, அத்திப்பட்டு புதுநகர் வருவதற்குள் ஒரு அதிசயத்தின் வாசல் தெரியும்!

எண்ணூரில் இருந்து வடக்கே பழவேற்காடு வரை, கடலோரமாக நீண்ட விரல் போல ஒரு மணல் திட்டு கிடக்கிறது. நீளம் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். கிழக்கே வங்கக் கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும். இதைத்தான் காட்டுப்பள்ளித் தீவு என்கிறார்கள். இதை நான்கு இடங்களில் நின்று பார்க்கலாம், வாருங்கள்!

முதல் இடம்: ரயில் பாலம்

எண்ணூரைத் தாண்டியதும் ரயில் தடதடவென்று ஒரு பாலத்தில் ஓடும். கீழே இருப்பது கொசஸ்தலை ஆறு. கிழக்கே பார்த்தால் கழிமுகமும், அனல் மின் நிலையத்தின் உயரமான புகைபோக்கிகளும் தெரியும். அதற்கும் அப்பால்தான் நம் மணல் திட்டு தொடங்குகிறது. இப்போதைக்கு 'டாட்டா' சொல்லிவிட்டு அத்திப்பட்டு, மீஞ்சூர் தாண்டி பொன்னேரியில் இறங்குங்கள். அங்கிருந்து பஸ்சில் பழவேற்காடு போகலாம்.

இரண்டாவது இடம்: பழவேற்காடு பாலம்

டச்சுக்காரர்கள் 1613-ல் கோட்டை கட்டிய ஊர் பழவேற்காடு. இங்குள்ள ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உப்புநீர் ஏரி. ஊரில் இருந்து லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போகும் பாலத்தில் நின்றால் மீன்பிடிப் படகுகளையும், குளிர்காலத்தில் வந்து தங்கும் பறவைகளையும் பார்க்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால் தூரத்தில் பூநாரைக் கூட்டமும் தென்படும்.

மூன்றாவது இடம்: மணல் மேடு

பாலம் தாண்டிவிட்டால் நீங்கள் நிற்பது நம் 'மணல் விரலின்' நுனி! கலங்கரை விளக்கம் தாண்டிக் கடற்கரைக்கு நடந்தால் மணல் மேடுகள் வரும். ஒரு மேட்டின் மேல் நின்று பாருங்கள். ஒரு பக்கம் அலை கொந்தளிக்கும் கடல். திரும்பினால் மறுபக்கம் அமைதியான ஏரி!

சரி, இந்த மேட்டைக் கட்டியது யார்? காற்றும் புல்லும்தான்! அலை மணலைக் கரையில் போடுகிறது. வெயில் அதைக் காய வைக்கிறது. கடல் காற்று அதைத் தூக்கி வருகிறது. வழியில் செடி கொடி இருந்தால் மணல் அங்கேயே தங்கிக் குவிகிறது. ஆட்டுக் குளம்பு போல இலை, ஊதா நிறப் பூ... அதுதான் அடம்புக் கொடி. ஊசி ஊசியாக நிற்பது ராவணன் மீசைப் புல். அதன் முள் உருண்டை காற்றில் பந்து போல உருண்டோடி விதையைப் பரப்பும்.

வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு தட்டில் காய்ந்த மணலைப் பரப்பி, நடுவில் நாலைந்து துடைப்பக் குச்சிகளை நெருக்கமாக நட்டு, மெதுவாக விசிறுங்கள். குச்சிகளின் அடியில் குட்டி மணல் மேடு உருவாகும்! (கண்ணில் மணல் படாமல் கவனம்!)

இந்த மேடு வெறும் மணல் குவியல் இல்லை. புயல் அலை ஊருக்குள் வராமல் தடுக்கும் சுவர். மழை நீரைச் சேமிக்கும் தொட்டியும் கூட! மழை நீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கும். அதனால்தான் கடலுக்குப் பக்கத்திலேயே ஊற்று தோண்டினாலும் நல்ல தண்ணீர் கிடைக்கிறது. இதே மணல் திட்டில், காட்டுப்பள்ளியில் 2010-ல் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை தொடங்கப்பட்டது. தினமும் 10 கோடி லிட்டர் தயாரிக்கும் திறன் கொண்டது அது. அதற்கு இயந்திரமும் மின்சாரமும் வேண்டும். மணல் மேட்டுக்கோ மழை மட்டும் போதும்!

நான்காவது இடம்: முகத்துவாரம்

ஏரியும் கடலும் சந்திக்கும் வாய் இது. மழைக்கால வெள்ளத்தில் அகலமாகத் திறக்கும். கோடையில் மணல் வந்து அடைக்கும். அப்போது மீனும் இறாலும் ஏரிக்குள் வர முடியாமல் மீனவர்கள் தவிப்பார்கள். வடக்கே தெரிவது ஸ்ரீஹரிகோட்டா பக்கம். ராக்கெட் ஏவும் நாளில் புகை வால் நீள்வது இங்கிருந்து தெரியும்.

இங்கே ஒரு ரகசியம் தெரிந்துகொள்ளுங்கள். நம் கரையோர மணல் பயணம் செய்கிறது! ஆண்டின் பெரும் பகுதி, அலைகள் அதைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளுகின்றன. குறுக்கே சுவர் கட்டினால் என்ன ஆகும்? சென்னைத் துறைமுகம் கட்டியபோது தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே மணல் வராமல் கடல் கரையை அரித்தது. ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரையில் பாறாங்கற்களைக் கொட்டியிருப்பது அதனால்தான்.

நம் மணல் திட்டிலும் 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. இப்போது அதன் பெயர் காமராஜர் துறைமுகம். பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்தது. வேலையும் வணிகமும் ஊருக்குத் தேவைதான். ஆனால், வடக்கே உள்ள மீனவ கிராமங்கள், 'எங்கள் கரை கரைந்து விடுமோ' என்று கவலைப்படுகின்றன. மேடு கரைந்தால் சுவரும் போச்சு, நல்ல தண்ணீரும் போச்சு!

கவனம் குட்டீஸ்!

* பெரியவர்களோடு மட்டும் போங்கள். முகத்துவாரத்தில் நீரோட்டம் வேகமானது, இறங்கவே கூடாது.

* படகில் ஏற ஆசைப்பட வேண்டாம். 2011 டிசம்பர் 25-ல் இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள்.

* அடம்புக் கொடியையும் ராவணன் மீசையையும் பிடுங்காதீர்கள். இருக்கும் பாதையில் மட்டும் நடங்கள்.

* பிளாஸ்டிக் பைகளைத் திரும்ப வீட்டுக்கே கொண்டு வாருங்கள்.

திரும்பி வரும்போது செருப்பில் ஒட்டிய மணலை அங்கேயே தட்டி விட்டு வாருங்கள். அது வடக்கே போக வேண்டிய மணலாச்சே! என்ன, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பலாமா?