குஞ்சுகள் கோடி, பெற்றோர் எத்தனை?

கடலில் சிப்பி குறைந்துவிட்டதா? கவலை எதற்கு? தொட்டியில் முட்டையிடச் செய்து, குஞ்சுகளை வளர்த்துக் கடலில் விட்டால் போயிற்று!

கேட்பதற்கு எளிய வழிதான். ஆனால் இதில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது என்கிறார்கள் விஞ்ஞானிகள். கடலை நிரப்புவதாக நினைத்துக்கொண்டு, சிப்பி இனத்தின் பரம்பரைச் செல்வத்தையே குறைத்துவிடக் கூடுமாம்!

பலமும் பலவீனமும்

ஒரு பெண் சிப்பி ஒரு பருவத்தில் லட்சக்கணக்கில், சில சமயம் கோடிக்கணக்கில் முட்டையிடும். ஆணின் விந்தும் பெண்ணின் முட்டையும் நீரிலேயே கலந்து கருவாகும். குஞ்சுகள் இரண்டு மூன்று வாரம் மிதந்து திரிந்துவிட்டு, பழைய ஓடுகளின்மேல் ஒட்டிக்கொள்ளும்.

கடலில் இவற்றில் மிகப் பெரும்பாலானவை மடிந்துபோகும். தொட்டியிலோ எதிரி இல்லை, தீனிக்கும் குறைவில்லை. ஆகவே ஒரு சில சிப்பிகளைக் கொண்டே கோடிக்கணக்கான குஞ்சுகளை எடுத்துவிடலாம். பொரிப்பகத்தின் பலம் இதுதான்; பலவீனமும் இதுதான்!

தொட்டியில் ஐம்பது சிப்பிகளை விட்டாலும், ஐம்பதும் சமமாகப் பிள்ளை பெறுவதில்லை. ஒரு சிலவற்றின் வாரிசுகளே பெரும்பகுதியாகிவிடும். பிறகு கடலில் விடப்படும் குஞ்சுகளில் பாதிக்கு மேல் ஒன்றுக்கொன்று உடன்பிறப்பாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

ஆயிரம் 78 ஆன கதை

1991-ல் நீல்ஸ் ரைமன், லிண்டா லைக்ரே என்ற ஸ்வீடன் விஞ்ஞானிகள் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். அதன்படி ஓர் உதாரணம் பார்ப்போம்.

ஓர் ஆற்று முகத்தில் 1,000 சிப்பிகள் இனம் பெருக்குகின்றன. பொரிப்பகத்தில் இருப்பவை 20. அடுத்த தலைமுறையில் பாதி பொரிப்பகக் குஞ்சுகள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அந்தத் தலைமுறையின் பரம்பரை வளம் 1,000 பெற்றோருக்கு ஈடாக இராது. சுமார் 78 பெற்றோருக்கு ஈடாகத்தான் இருக்கும்! தலைகள் பெருகின, வம்சம் சுருங்கியது.

இதனால் என்ன நஷ்டம்? நோய் வரும்போது தெரியும். பல வம்சங்கள் கலந்த கூட்டத்தில் சில செத்தாலும் சில தாங்கும். எல்லாம் ஒரே வம்சமானால், ஒன்றைச் சாய்க்கும் நோய் எல்லாவற்றையும் சாய்த்துவிடலாம். நெருங்கிய உறவுக்குள் பிறக்கும் குஞ்சுகளும் வலுவிழந்து போகும்.

கலந்தது பிரியாது

அமெரிக்காவின் செசபீக் விரிகுடா ஒரு காலத்தில் சிப்பிக்குப் பேர்போனது. அளவு மீறி அள்ளியதால் சிப்பி குறைந்தது. 1959-ல் எம்.எஸ்.எக்ஸ். என்ற ஒட்டுண்ணி நோயும் வந்து சேர்ந்தது.

நோயைத் தாங்கும் ரகம் ஒன்றைப் பொறுக்கி வளர்த்தார்கள். 2002-ல் விர்ஜீனியாவின் கிரேட் விக்காமிக்கோ ஆற்றில் அந்த ரகத்தில் ஏழரை லட்சம் சிப்பிகளை விட்டார்கள். அதே கோடையில் அந்த ஆற்றில் பிறந்த 1,579 இளஞ்சிப்பிகளை எடுத்து ஜீன் சோதனை நடந்தது. தாயும் தகப்பனும் புது ரகமாக இருந்த குஞ்சு ஒன்றே ஒன்று! இயற்கைச் சிப்பியோடு கலந்து பிறந்தவை 153.

அத்தனை லட்சம் விட்டும் நூற்றுக்குப் பத்துக்கூடத் தேறவில்லை. ஆனால் முதல் பருவத்திலேயே கலப்பு தொடங்கிவிட்டது. கலந்ததைத் திரும்பப் பிரித்தெடுக்க எவராலும் ஆகாது.

வழி உண்டு

அப்படியானால் பொரிப்பகங்களை மூடிவிட வேண்டுமா? வேண்டியதில்லை.

அதே விரிகுடாவில், மேரிலாந்தின் ஹாரிஸ் கிரீக்கில் 2011 முதல் 2015 வரை சுமார் 350 ஏக்கர் சிப்பித் திட்டுகள் புதுப்பிக்கப்பட்டன; 200 கோடிக்கு மேல் குஞ்சுகள் விடப்பட்டன. மேரிலாந்தில் பொரிப்பகக் குஞ்சுகளைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி 2019-ல் வெளியாயிற்று. தொட்டியில் எடுத்த தனித்தனித் தொகுதிகளில் பரம்பரை வளம் குறைந்திருந்தது. ஆனால் மீட்கப்பட்ட திட்டுகளில் அது இயற்கைத் திட்டுகளுக்குச் சளைக்கவில்லை! வெவ்வேறு பெற்றோரின் குஞ்சுகளை அடுத்தடுத்து விட்டதன் பலன் இது என்று கருதப்படுகிறது.

பெற்றோரை அந்தந்த நீரிலிருந்தே நிறைய எடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் மாற்ற வேண்டும். எல்லாவற்றின் விந்தையும் ஒரே தொட்டியில் கொட்டாமல் பங்கிட்டுக் கலக்க வேண்டும். விற்பனைக்கு வளர்ப்பவை மலட்டுச் சிப்பிகளாக இருந்தால் இயற்கை இனத்தோடு கலக்கும் அச்சம் மிகக் குறைவு.

நமக்கும் இதில் பாடம் உண்டு. தூத்துக்குடியில் 1961-க்குப் பிறகு பழைய முத்துக் குளிப்பு நடைபெறவில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1981-ல் அங்கே முத்துச் சிப்பிக் குஞ்சுகளைத் தொட்டியில் உற்பத்தி செய்து காட்டியது. பிற்பாடு மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் குஞ்சுகள் விடப்பட்டன.

எத்தனை லட்சம் விட்டார்கள் என்று கேட்பது சரிதான். எத்தனை தாய், எத்தனை தகப்பன் என்றும் கூடவே கேட்க வேண்டும்!