ஏழா, எட்டா? கடைக் கம்ப்யூட்டரை எடை போடுவது எப்படி?



2017 ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தபோது, அதுவரை கையால் பில் போட்டு வந்த பல கடைகளில் கம்ப்யூட்டர் ஏறியது. திருமழிசை, பூந்தமல்லி வட்டாரத்தில் கல்லாவுக்குப் பக்கத்தில் அந்தக் காலத்துப் பெட்டிகள் சில இன்னும் ஓடுகின்றன. "விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, பெட்டியையே மாற்றுங்கள்" என்று விற்பவர்கள் இப்போது சொல்கிறார்கள். பணம் போடுகிறவர்கள் நாம். சரக்கை நாமே சோதித்துப் பார்ப்போம்.

ஒரே ஆண்டில் இரண்டு தலைமுறை

கம்ப்யூட்டரின் மூளைதான் பிராசஸர். இன்டெல் கம்பெனி தன் ஏழாம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களை 2017 ஜனவரியிலும், எட்டாம் தலைமுறையை அதே ஆண்டு அக்டோபரிலும் வெளியிட்டது. ஜி.எஸ்.டி. வந்தது இரண்டுக்கும் நடுவில். ஆகவே அந்த ஜூலையில் அவசரமாக இன்டெல் பெட்டி வாங்கியவர்களுக்கு ஏழாம் தலைமுறையோ, அதற்கு முந்தியதோதான் கிடைத்திருக்கும்.

இரண்டையும் தராசில் வைப்போம். ஐ3-7100, ஐ3-8100 இரண்டுக்கும் கம்பெனி அறிவித்த விலை ஒன்றே, 117 டாலர். பழையதில் 2 கோர், வேகம் 3.9 கிகாஹெர்ட்ஸ். புதியதில் 4 கோர், வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸ். கோர் என்பதைக் கடையில் நிற்கும் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கடையில் இரண்டே ஆள், ஆனால் கை வேகம். புதிய கடையில் நான்கு ஆள், கை சற்று நிதானம்.

ஒரே வாடிக்கையாளர் வந்து சாமான் கேட்டால் பழைய கடை பின்தங்காது. ஒரு நேரத்தில் ஒரு பில் என்று போடும் கவுண்டருக்கும் இதே கணக்குதான். ஆனால் பில் சாப்ட்வேர், ஜி.எஸ்.டி. இணையதளம், 2018 ஏப்ரலில் வந்த இ-வே பில், வாட்ஸ்அப் ஆகிய எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் திறந்து வைத்தால் அது தீபாவளிக் கூட்டம். அங்கே நான்கு ஆள் உள்ள கடைதான் ஜெயிக்கும்.

மூட்டையின் மேல் அச்சு

அரிசி மூட்டையில் அச்சடித்த பெயரை நம்பி யாரும் லோடு இறக்குவதில்லை. குத்தூசி போட்டு, கையில் எடுத்துப் பார்த்துத்தான் விலை பேசுகிறோம். பழைய கம்ப்யூட்டர் வாங்கும்போது மட்டும் "ஐ5 சார்" என்றால் தலையாட்டிவிடுகிறோம். ஏழாம் தலைமுறை ஐ5-7400-இல் 4 கோர், அதிகபட்ச வேகம் 3.5 கிகாஹெர்ட்ஸ். எட்டாம் தலைமுறையின் சாதாரண ஐ3-8100 அதே 4 கோரை 3.6 வேகத்தில் தந்துவிட்டது.

ஆகவே பார்க்க வேண்டியது கோடுக்குப் பின்னால் வரும் எண். 7100 என்றால் ஏழாம் தலைமுறை, 8100 என்றால் எட்டு, 10100 என்றால் பத்து. ஸ்டார்ட் பட்டனில் மவுஸின் வலது பக்கத்தை அழுத்தி, 'சிஸ்டம்' என்பதைத் திறந்தால் இந்த எண் தெரியும். அரிசியில் பழசுக்கு மதிப்பு. இதில் புதுசுக்குத்தான் மதிப்பு.

வேகத்துக்கு வேறு மருந்து

பெட்டி மந்தமாக இருப்பதற்குப் பல நேரம் காரணம் பிராசஸர் அல்ல, உள்ளே சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க். அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டு, ரேமை 8 ஜி.பி. ஆக்கினால் ஏழாம் தலைமுறைப் பெட்டியும் துள்ளி எழும். பிராசஸரை மட்டும் எட்டுக்கு மாற்றலாம் என்று எண்ண வேண்டாம். சாக்கெட் எண் இரண்டுக்கும் 1151தான் என்றாலும், ஏழுக்கான போர்டில் எட்டு வேலை செய்யாது.

விதி மாறியது

2020 மே மாதம் கொரோனா காரணமாகக் கோயம்பேடு காய்கறி மொத்த மார்க்கெட் நம் திருமழிசைக்கு மாற்றப்பட்டது நினைவிருக்கும். வியாபாரிகளிடம் குறை இல்லை, உத்தரவுதான் மாறியது. ஏழாம் தலைமுறையின் கதையும் அப்படித்தான். சில்லு தேயவில்லை. 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-க்கான இன்டெல் பட்டியல் பொதுவாக எட்டிலிருந்துதான் தொடங்குகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றன. "குறுக்கு வழியில் 11 போட்டுத் தருகிறேன்" என்பவரை நம்ப வேண்டாம். அப்படிப்பட்ட பெட்டிக்குத் திருத்தங்கள் கிடைக்கும் என்ற உறுதி இல்லை என்று மைக்ரோசாப்டே சொல்லியிருக்கிறது.

திருத்தம் வராத பெட்டியை இன்டர்நெட்டில் விடுவது, பூட்டு கெட்ட கதவைச் சாத்தி வைத்துவிட்டு வீட்டுக்குப் போவது போல. கொள்ளை போவது சாமான் அல்ல. பற்று வரவு, கடன் பாக்கி, பாங்கு கணக்கு.

செய்ய வேண்டியது

• வெறும் பில் மட்டும் போடும் ஏழாம் தலைமுறைப் பெட்டிக்கு எஸ்.எஸ்.டி. போட்டு, இன்டர்நெட் இணைப்பை எடுத்துவிட்டு ஓட்டலாம்.

• பாங்கு, ஜி.எஸ்.டி., இ-வே பில் வேலைக்கு எட்டு அல்லது அதற்கு மேல் உள்ள பெட்டி ஒன்று வேண்டும். புதிதுதான் என்பதில்லை, விண்டோஸ் 11 ஏறிய பழையதும் போதும்.

• எந்தப் பெட்டியானாலும் வாரம் ஒரு முறை கணக்கைத் தனி டிஸ்க்கில் நகல் எடுத்து, கழற்றிப் பீரோவில் வையுங்கள்.

கடையில் ஒரே ஒரு பெட்டிதான் இருக்கிறது, அதுவும் ஏழு, அதிலேயே பாங்கு வேலையும் நடக்கிறது என்றால், அந்தக் கடைக்காரர் மட்டும் தள்ளிப்போடாமல் மாற்றிவிடுவது நல்லது. மற்றவர்கள் எண்ணைப் பார்த்து, வேலையைப் பார்த்து, நிதானமாக முடிவு செய்யலாம்.