சக்கரம் இருக்கிறது, செய்தவன் எங்கே?

பொருளை விற்கும்போது புன்னகையோடு வரவேற்ற கடை, பொருள் பழுதானபோது பூட்டிக் கிடந்தால், வாங்கியவன் யாரிடம் போவான்? இந்தக் கேள்வியைச் சில ஆண்டுகளாக ஒரு கூட்டத்தார் கேட்டு வருகின்றனர். அவர்கள் கையிலிருப்பது இயந்திரமன்று, மாளிகையன்று. ஒரு ஜோடி சைக்கிள் சக்கரம்!

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2010-இல் மேட் ஃபைபர் என்ற பெயரில் ஒரு சக்கரம் சந்தைக்கு வந்தது. ரிம்மும் கார்பன் இழை, ஆரங்களும் கார்பன் இழை. முன்னும் பின்னும் சேர்ந்து ஜோடியின் எடை 1,085 கிராம் அளவே. சாதாரண சைக்கிளின் சக்கர ஜோடி ஏறத்தாழ இரண்டு கிலோ இருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், இது எத்தகைய சாதனை என்பது விளங்கும். விலையோ 2,600 டாலர் அளவில்! இதைத் தொடங்கிய ரிக் ஜெர்ட்பர்க் தொழிலுக்குப் புதியவரல்லர். வீல்ஸ்மித் என்னும் புகழ்பெற்ற சக்கர நிறுவனத்தை முன்பே சகோதரரோடு நிறுவியவர். அறிவு இருந்தது, அனுபவம் இருந்தது, ஆர்வலர் ஆதரவும் இருந்தது. ஆயினும் 2013-இல் அந்தத் தொழிற்சாலையின் கதவு மூடப்பட்டது. சக்கரங்கள் மட்டும் சாலையில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன.

"கம்பெனி மூடினால் என்ன? சக்கரம் சக்கரம்தானே! எந்தச் சைக்கிள் கடையிலும் கொடுத்துப் பழுது பார்க்கலாமே!" என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் சிக்கல் இருக்கிறது.

நாம் அறிந்த சக்கரம் எப்படி நிற்கிறது? 32 அல்லது 36 மெல்லிய எஃகுக் கம்பிகள் ஹப்பையும் ரிம்மையும் இழுத்துப் பிடித்து நிற்கின்றன. ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் ஒரு நிப்பிள். அதைத் திருகினால் கம்பி இறுகும், தளர்த்தினால் தளரும். சக்கரம் கோணினால் நிப்பிள் சாவியைக் கொண்டு கோட்டம் எடுத்துவிடலாம். ஒரு கம்பி அறுந்தால் வேறொரு கம்பி. ரிம் நெளிந்தால் புது ரிம். செய்த கம்பெனியின் பெயரே தெரியாமல், நூறு ஆண்டு கழிந்தபின்னும், ஒரு தொழிலாளியின் கை அதற்கு உயிர் கொடுக்கும். எத்தனை எளிய அமைப்பு! எத்தனை நேர்மையான அமைப்பு!

இந்தக் கார்பன் ஆரச் சக்கரம் அப்படியன்று. அதில் நிப்பிள் இல்லை, திருகும் இல்லை. தட்டையான ஆரங்கள் ரிம்மோடும் ஹப்போடும் பசையால் ஒட்டப்பட்டு, முழுச் சக்கரமும் ஒரே உடலாகிவிடுகிறது. எடை குறைந்ததற்குக் காரணமும் அதுவே. பழுது பார்க்க முடியாமைக்குக் காரணமும் அதுவே! இழுவிசை தொழிற்சாலையிலேயே, ஒட்டும் வேளையிலேயே உள்ளே பூட்டி வைக்கப்பட்டது. ஓர் ஆரம் விரிசல் கண்டால் அதைக் கழற்றி வேறொன்று மாட்ட வழியில்லை. அதே அச்சும் அதே பசையும் அதே கைப்பழக்கமும் வேண்டும். அவை இருந்த இடம் ஒன்றே. அந்த இடத்துக்குத்தான் பூட்டுப் போட்டாகிவிட்டது.

இது ஒரு கம்பெனியின் கதை மட்டுமா? இல்லை. 1990-களில் ஸ்பினர்ஜி நிறுவனத்தின் ரெவ்-எக்ஸ் சக்கரங்கள் பந்தய உலகைக் கவர்ந்தன. இத்தாலியின் சேகோ அணி அவற்றோடு ஓடியது. சர்வதேசச் சைக்கிள் சங்கம் 2000-ஆம் ஆண்டையொட்டி மோதல் சோதனை விதியைக் கொண்டுவந்த பிறகு, பெரும் பந்தயங்களிலிருந்து அவை மறைந்தன. நிறுவனம் மறையவில்லை, வேறு வகைச் சக்கரங்களுக்கு மாறிக்கொண்டது. பழைய சக்கரம் வைத்திருந்தவன்தான் மாற முடியாமல் நின்றான்.

இன்னொரு காட்சியையும் பாருங்கள். 1889-இல் தோன்றிய பிரெஞ்சு நிறுவனம் மாவிக். அது கார்பன் குழல் ஆரங்கள் கொண்ட ஆர்-சிஸ் சக்கரத்தை விற்றது. ஆரம் முறியும் அபாயம் தெரிந்ததும் 2009-இல் முன்சக்கரங்களைத் திரும்பப் பெற்றது. தவறு நேர்ந்தது உண்மை. ஆனால் தவறை ஏற்க ஒரு முகவரி இருந்தது! மாற்றித் தர ஓர் ஆள் இருந்தான்! அதே மாவிக் 2020-இல் கடன் சுமையால் நீதிமன்றக் கண்காணிப்பில் விழுந்தது; பூரெலியே குழுமம் வாங்கியதால் மீண்டது. மீளாதிருந்தால்? நூறு ஆண்டுக்கு மேல் நின்ற ஆலமரத்துக்கே இந்த நிலை என்றால், மூன்றாண்டுச் செடியை நம்பியவன் கதி என்ன?

"இரண்டாயிரம் டாலர் கொடுத்துச் சக்கரம் வாங்கும் சீமானுக்காக நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?" என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. ஆனால் சீமான் புதிதாக வாங்குகிறான், அலுத்ததும் விற்றுவிடுகிறான். இரண்டாம் கையாக, மூன்றாம் கையாக அதை வாங்குவோர் யார்? சேமித்த பணத்தில் பந்தயக் கனவு காணும் இளைஞர்கள்! எடை குறைந்த சக்கரம் மலிவாகக் கிடைத்ததே என்று மகிழ்ந்து, மலைச்சாலை இறக்கத்தில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறார்கள். அந்த வேகத்தில் முன்சக்கரம் கைவிட்டால் அதன் விலை டாலரில் அடங்காது. ஆடம்பரப் பொருளாய்ப் பிறந்தது, ஏழையின் கைக்கு வரும்போது ஆபத்துப் பொருளாகி விடுகிறது.

அப்படியானால் இருக்கும் சக்கரத்தைக் குப்பையில் எறிவதா? வேண்டாம். செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

முதலாவது, எது பழுது பார்க்கத்தக்கது, எது தகாதது என்று பிரித்தறிய வேண்டும். ஹப்பின் உள்ளே இருக்கும் பேரிங் பெரும்பாலும் உலகப் பொது அளவு. அதன் மூடியில் எண் பொறித்திருக்கும். 6902 என்றால் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, அகலம் 7 மில்லிமீட்டர். அந்த எண்ணைச் சொன்னால் எந்தப் பேரிங் கடையும் தரும். சைக்கிள் கம்பெனியின் தயவு தேவையில்லை. ஆனால் கழற்றும்போது சுத்தியலால் ஓங்கி அடிக்கக்கூடாது. நேராக அழுத்தி எடுக்கும் கருவி வேண்டும். இல்லையேல் ஒட்டிய இடம் அதிரும்.

இரண்டாவது, பிரேக் கட்டை. கார்பன் ரிம்முக்கென்று செய்த கட்டையே போட வேண்டும். அலுமினிய ரிம்மில் ஓடிய கட்டையில் உலோகத் துகள் பதிந்திருக்கும். அது கார்பனை அரித்துத் தின்னும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்தால் சூடு ஏறிப் பிசின் இளகும். விட்டு விட்டுப் பிடிப்பதே அறிவுடைமை.

மூன்றாவது, சோதனை. நல்ல வெளிச்சத்தில் ஆரமும் ரிம்மும் சேரும் இடத்தையும், ஆரமும் ஹப்பும் சேரும் இடத்தையும் கூர்ந்து பாருங்கள். வெண்கோடு, முடிபோன்ற விரிசல், உரிந்த இழை கண்ணில் படுகிறதா? பஞ்சால் துடைத்தால் எங்கேனும் சிக்குகிறதா? நாணயத்தால் மெல்லத் தட்டினால் ஓரிடத்தில் மட்டும் ஒலி மந்தமாகிறதா? அருகருகே உள்ள ஆரங்களை அழுத்தினால் ஒன்று மட்டும் தளர்ந்திருக்கிறதா? ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் அந்தச் சக்கரம் சாலைக்கு உரியதன்று. சுவரில் மாட்டி அழகு பார்ப்பதற்கே உரியது. கார்பன் சைக்கிள் சட்டங்களைப் பழுது பார்க்கும் வல்லுநர் பலரும் சக்கரத்தைத் தொடத் தயங்குவது சோம்பலால் அன்று, பொறுப்புணர்ச்சியால்தான்.

ஆனால் எல்லாப் பாரத்தையும் வாங்கியவன் தலையில் வைத்துவிட்டுப் போவதா? கூடாது! 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு நெறிமுறை இயற்றி, அதை உறுப்பு நாடுகள் நடைமுறைப்படுத்த 2026 ஜூலை 31 என்று நாளும் குறித்தது. துணி துவைக்கும் இயந்திரம், குளிர்ப்பெட்டி, கைப்பேசி, மின்சார சைக்கிளின் பாட்டரி எல்லாம் அதன் பட்டியலில் இடம்பெற்றன. மிதிக்கும் சைக்கிளின் சக்கரம் இடம்பெறவில்லை. அன்றியும், உயிரோடிருக்கும் கம்பெனியைத்தான் சட்டம் கட்டுப்படுத்தும். மூடிய கதவுக்கு யார் ஆணையிடுவது?

ஆகவே விதி விற்பனைக்கு முன்பே வேண்டும். வரைபடமும் அளவும் ஒட்டும் முறையும் பொதுவான ஓரிடத்தில் முதலிலேயே வைக்கப்படட்டும். கம்பெனி மூடும் நாளில் அது எல்லாருக்கும் திறக்கட்டும். தேயும் உறுப்புகள் உலகப் பொது அளவிலேயே இருக்கட்டும். "இது பழுது பார்க்க இயலாத பொருள்" என்றால், அதை விலைச்சீட்டின் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் எழுதட்டும்!

மேட் ஃபைபர் மூடியபின் ஜெர்ட்பர்க் சக்கரத் தொழிலைத் துறந்துவிடவில்லை. வீல் ஃபனாட்டிக் என்ற பெயரில், சக்கரம் கட்டுவோருக்குக் கருவி விற்கும் பணியில் நின்றார். கம்பெனி அழிந்தாலும் கைத்திறன் அழிவதில்லை என்பதற்கு இதுவே சான்று. அந்தத் திறன் ஒரு மனிதரின் நினைவிலும் ஒரு பூட்டிய அறையிலும் அடைபட்டுக் கிடப்பதுதான் தவறு.

எடையைக் குறைத்தீர்கள், பாராட்டுகிறோம். பொறுப்பையும் சேர்த்துக் குறைத்துவிட்டீர்களே, அதைத்தான் கேட்கிறோம்!